மேல் பாதையால் வந்தவன்

மழை பிடித்ததிலிருந்து பால்வெட்டு இல்லை. ரப்பர் மரங்களில் கட்டியிருந்த சிரட்டைகளில் பாலுக்குப் பதிலாக மழைத் தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. யட்டியாந்தோட்டை டவுனுக்கு மேலே, மலையை வெட்டிச் சமன்படுத்திய இடத்தில் இருந்தது தோட்டத் தொழிலாளர்களின் அந்த லயம். ஒரே தகரக் கூரையின் கீழ், வீட்டுக்கு ஓர் அறையாக ஆறு காம்பராக்கள். ஆறிலும் சனங்கள் வேலைக்குப் போகாமல் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஈர விறகின் புகை மேலே போகாமல் வாசலிலேயே சுருண்டு கிடந்தது.

இரண்டாவது காம்பராவில் மீனாம்பாள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் காளிதாஸ் ஓட்டை விழுந்த பால் வாளிக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். மழையில் பள்ளிக்கூடம் மூடிவிட்டதால் மகள் தனுஜாவும் வீட்டில்தான் இருந்தாள். சித்தியின் குழந்தை சுஜீதாவை மடியில் இருத்தித் தலை சீவிக்கொண்டிருந்தாள். சித்தி புஷ்பம் அம்மியில் சம்பல் அரைத்தாள். இடது கையால்தான் அழுத்தி அரைத்தாள். வலது கை முழங்கைக்குக் கீழே கோணலாகப் பொருந்தியிருந்தது. பாரம் கொடுத்தால் வலிக்கும்.

கையை அப்படி ஆக்கியவன் அவள் புருஷன் லோகேந்திரன். பஜாரில் லொறிகளுக்கு மூட்டை ஏற்றி இறக்குகிறவன். லோகு என்றால் எல்லோருக்கும் தெரியும். குடிக்காத நாளில் தங்கமான மனுஷன் என்பார்கள். குடிக்காத நாளிலும் அடித்தான் என்று புஷ்பம் சொன்னபோது மீனாம்பாள் ஒருத்திதான் நம்பினாள். புஷ்பம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் வந்து சேர்ந்த பிறகு, லயத்துப் பக்கம் தலை காட்டக்கூடாது என்று பொலிசில் அவனை எச்சரித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகும் ஒரு தடவை வந்தான். "அக்கா, தண்ணிப் பீலியடியில தனுஜா வழுக்கி விழுந்து கெடக்கு, ஓடியாங்க!" என்று வாசலில் நின்று கத்தினான். மீனாம்பாள் பதறிக் கதவைத் திறந்தாள். அவளைத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தவன் புஷ்பத்தின் முடியைப் பிடித்து முற்றம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். தனுஜா அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நாலு ஆம்பளைகள் சேர்ந்துதான் அவனைப் பிரித்தெடுத்தார்கள். அதிலிருந்து பகலிலும் அந்தக் காம்பராவின் கதவு தாழ்ப்பாள் போட்டே கிடந்தது.

முந்தின நாள் கிராம சேவகர் குடையோடு வந்து, "நாய யன்ன புளுவங்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மண் சரியலாம் என்று அர்த்தம். ஒவ்வொரு மழைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று லயத்தில் யாரும் அசையவில்லை.

பின்னேரம் ஆவதற்கு முன்னால் மலைப்பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"அக்கா! கதவத் தெறங்க! மேல மலை வெடிச்சிருக்கு! எல்லாரும் வெளிய வாங்க!"

புஷ்பத்தின் கையில் குழவி நின்றது.

"அவருதான் அக்கா. அவரு கொரலுதான்."

காளிதாஸ் எழுந்து தகரப் பெட்டியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தான். மீனாம்பாள் ஜன்னல் பலகையின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். லோகு முற்றத்தில் நின்றான். இடுப்பு வரைக்கும் சேறு. நெற்றியில் எங்கோ கிழித்து மழைத் தண்ணீரோடு இரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. வலது கையில் விறகு வெட்டும் மன்னாக் கத்தி.

"கத்தி வச்சிருக்கான்," என்றாள்.

"தெறக்காதீங்க மாமா," என்றாள் புஷ்பம். குழந்தையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கினாள். "பொய்யி. அன்னைக்கும் இப்பிடித்தான் சொன்னாரு. என்னையக் கொல்லத்தான் வந்திருக்காரு."

"சத்தியமாக்கா!" வெளியே குரல் உடைந்தது. "மொட்டப்பாறைக்குக் கீழ ஆள் எறங்குற அளவுக்கு வெடிச்சுக் கெடக்கு. மரமெல்லாம் சாஞ்சு நிக்குது. நான் மேல் பாதையால வந்தேன், என் கண்ணால பாத்தேன். புள்ளைகளத் தூக்கிட்டு ஓடுங்க!"

"ரோட்டு இருக்கையில நீ ஏன்டா மேல் பாதையால வந்த?" என்று காளிதாஸ் உள்ளேயிருந்து கேட்டான்.

அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த காம்பராவின் கதவில் கத்தியின் பின்புறத்தால் அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதற்கடுத்த கதவு.

மீனாம்பாள் அடுப்படிப் பக்கம் போய்ப் பின் ஜன்னலைத் திறந்தாள். மலை ஊற்றிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவந்த பீலி அங்கே இருந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் அந்தத் தண்ணீர் கலங்காது. குழந்தைகளுக்குக் கொடுக்கக் காய்ச்சக்கூடத் தேவையில்லை. இப்போது குழாயிலிருந்து செங்கல் குழம்பைப் போலச் சேறு கொட்டியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றுபோனது.

"தெறங்க," என்றாள்.

"என்னா சொல்ற மீனா? கையில கத்தியோட நிக்கிறான்."

"பீலி நின்னுருச்சுங்க. தெறங்க! புஷ்பம், எந்திரி. எனக்குப் பின்னால வா. அவன் கிட்ட வந்தா மாமா குறுக்க நிப்பாரு."

புஷ்பம் எழுந்திருக்கவில்லை. மீனாம்பாள் அவள் கோணல் கையைப் பிடித்துத்தான் இழுத்தாள். அவள் வலியில் கத்தினாள். அப்படியே வெளியே கொண்டு வந்தார்கள். முற்றத்தில் மழை கண்ணை மறைத்தது. காலடியில் நிலம் லேசாக அதிர்வது போல இருந்தது. அது தன் நடுக்கமா மண்ணின் நடுக்கமா என்று மீனாம்பாளுக்குத் தெரியவில்லை.

லோகு அவர்களை நோக்கி ஓடி வந்தான். காளிதாஸ் வாளியை ஓங்கிக்கொண்டு குறுக்கே நின்றான். புஷ்பம் அலறினாள். லோகு அவளைப் பார்க்கவேயில்லை. அவர்களைத் தாண்டி ஓடி ஐந்தாம் காம்பராவுக்குள் நுழைந்தான். பாரிசவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடந்த மாரிமுத்துவை முதுகில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். லயத்துக்குத் தள்ளி, எல்லோரும் ஓடிப் போய்ச் சேர்ந்த கோயில் வளைவில் அவரை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பவும் லயத்துக்கு ஓடினான்.

ஆறாம் காம்பராவில் சந்தனம் தனியாக இருந்தாள். மாரியம்மன் கோயிலில் தினமும் விளக்கு வைக்கிறவள். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் கஞ்சி கொண்டுபோகிறவள். லோகு அவள் கதவை அடித்தான்.

"குடிகாரப் பய பேச்சக் கேட்டு மழையில நனையிறதுக்கு எனக்கு என்னா பைத்தியமா?" உள்ளேயிருந்து அவள் குரல் வளைவு வரைக்கும் கேட்டது. "பொண்டாட்டி கதவத் தெறக்கலன்னு இங்க வர்றியா? போடா அங்கிட்டு!"

"சந்தனம், வெளிய வா! பீலி நின்னுருச்சு!" மீனாம்பாள் வளைவிலிருந்து கத்தினாள். மழை அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது. லோகு கதவைத் தோளால் இடித்தான். பலகை பிளந்தது. தாழ்ப்பாள் விடவில்லை. மேலே மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முறியும் சத்தம் கேட்டது. அவன் ஒரு கணம் மேலே பார்த்தான். பிறகு ஓடி வந்தான்.

மலை சத்தமில்லாமல் வந்தது போலத்தான் மீனாம்பாளுக்குத் தோன்றியது. சத்தம் பிறகுதான் வந்தது. கண்ணைத் திறந்தபோது ஆறாம் காம்பரா இல்லை. நாலும் ஐந்தும் சிவப்பு மண்ணுக்குள் கிடந்தன. இரண்டாம் காம்பராவின் அடுப்படி ஜன்னல் வழியாக ஒரு ரப்பர் மரம் வேரோடு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது.

*

பௌத்த விகாரையான பன்சலையின் பெரிய மண்டபத்தில் பாய் விரித்து அவர்களை இருத்தினார்கள். கீழ் ஊரில் வெள்ளம் ஏறிய சிங்களக் குடும்பங்களும் அங்கேதான் இருந்தன. பிக்கு ஹாமுதுரு தன் கையாலேயே போர்வை பங்கிட்டார். பஜாரிலிருந்து ஸமீம் நானா தன் சின்ன லொறியில் பேக்கரிப் பாணும் பருப்பும் கொண்டுவந்து இறக்கினார். சந்தனத்தை இரண்டாம் நாள் எடுத்தார்கள். அவள் கை கதவுத் தாழ்ப்பாளில் இருந்தது என்று தோண்டியவர்கள் சொன்னார்கள். திறக்கத்தான் வந்திருக்கிறாள்.

லோகு முகாமில் ஆளே மாறியிருந்தான். குடிக்கவில்லை. விடியுமுன் எழுந்து விறகு பிளந்தான், அண்டாவில் சோறு வடித்தான், மாரிமுத்துவைத் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோய் வந்தான். டீவிக்காரர்கள் வந்து அவனை நிறுத்திப் படம் எடுத்தார்கள். சிங்களப் பெண்கள் பிலாக்காய்க் கறியில் முதல் அகப்பையை அவனுக்குத்தான் போட்டார்கள். "அபே லோகு மல்லி", நம்ம லோகு தம்பி, என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினார்கள்.

புஷ்பம் மண்டபத்தின் மூலையில் சுவருக்கு முதுகு கொடுத்தே உட்கார்ந்திருந்தாள். அவன் எந்தப் பக்கம் போகிறானோ அந்தப் பக்கம் அவள் முகம் திரும்பியது. சோறு போடுவது யார் கை என்று பார்த்துவிட்டுத்தான் தட்டை நீட்டினாள். அவன் கை என்றால் பசிக்கவில்லை என்றாள்.

சனங்களுக்கு அது பிடிக்கவில்லை.

"இன்னும் என்னாடி மொறப்பு?" என்றாள் மூன்றாம் காம்பரா பாக்கியம். "எங்க குடும்பத்துல அஞ்சு உசுரு. அம்புட்டும் அவன் போட்ட பிச்ச. அப்பிடிப்பட்ட மனுசன் ஒன்னைய ஒரு அடி அடிச்சிட்டான்னு..."

"ஒரு அடி இல்லக்கா," என்றாள் புஷ்பம்.

"ரெண்டு அடிதான்னு வையி. மனுசன் திருந்தவே கூடாதா?"

மாரிமுத்து பாயில் படுத்தபடியே வாயைக் கோணிக்கொண்டு பேசினார். "அவன் முதுகுல கெடந்தப்ப அவன் நெஞ்சு அடிச்சது எனக்குக் கேட்டுச்சும்மா. அது கெட்டவன் நெஞ்சு இல்ல. புது வீடு குடுக்கிறாங்களாம். நீ அவனோட சேந்து ஒரு வீடு எடுத்துக்க. நாங்க எல்லாரும் பக்கத்துலதான இருப்போம்."

முன்பும் பக்கத்தில் ஆட்கள் இருந்தபோதுதான் அவள் கை ஒடிந்தது. அன்று பின்னேரம் தோட்டத்துச் சங்கத் தலைவரும் இன்னும் இரண்டு பேரும் காளிதாஸைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார்கள். மழை விட்டதும் நல்ல நாள் பார்த்து இரண்டு பேரையும் சேர்த்து வைப்பது என்று முடிவானது. காளிதாஸும் தலையாட்டிவிட்டு வந்தான்.

மறுநாள் சாப்பாடு முடிந்து மீனாம்பாள் ஓடைக்கரையில் அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். லோகு இன்னொரு அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினான். சாம்பலை அள்ளித் தேய்க்க ஆரம்பித்தான்.

"அக்கா, ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும். வேற யாருகிட்டயும் கேக்க முடியாது."

"கேளு."

"அண்ணன் அன்னைக்கு உள்ளயிருந்து கேட்டாரே, ஏன்டா மேல் பாதையால வந்தன்னு."

அவள் கை நின்றது.

"ரோட்டால வந்தா ஆள் புடிச்சிருவாங்க. பொலிசுக்குச் சொல்லிருவாங்க. மேல் பாதையால வந்தா ஒங்க அடுப்படிப் பக்கம் எறங்கலாம். மழைக்குச் சத்தம் கேக்காது. கத்தியத் தீட்டித்தான் கொண்டாந்தேன்." அவன் அண்டாவைப் பார்த்துக்கொண்டே பேசினான். குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. "புஷ்பத்த முடிச்சிட்டு நானும் போயிரலாமுன்னு. குடிச்சிருக்கலக்கா அன்னைக்கு. பாறைக்குக் கீழ வரையில கால் உள்ள போயிருச்சு. பாத்தா வெடிப்பு. நான் என்னாத்துக்கு வந்தேங்கிறதே மறந்துபோச்சு. கத்திக்கிட்டு ஓடியாந்தேன்."

ஓடையில் பழுப்புத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. மீனாம்பாளுக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. அண்டாவை விடாமல் தேய்த்தாள்.

"படுத்தா இதேதான் ஓடுது," என்றான். "என் மனசுல அந்த எண்ணம் இல்லாட்டி நான் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். வராட்டி நீங்க, தனுஜா, என் புள்ள, அம்புட்டுப் பேரும் மண்ணுக்குள்ள. அப்ப அந்த எண்ணத்த எனக்குக் குடுத்தது யாரு? சாமி தானா? என்னைய மாதிரி ஆளும் ஒலகத்துக்கு வேணும் போல. இல்லையாக்கா?"

அவன் அதைக் கேட்ட விதத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிதான் அவளைக் கத்தியைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

"அந்த எண்ணம் இப்ப இருக்கா?" என்று கேட்டாள்.

லோகு நெடுநேரம் யோசித்தான். பொய் சொல்ல நினைக்கிறவன் அவ்வளவு யோசிக்க மாட்டான்.

"அவ என்னையக் கண்டு மூஞ்சியத் திருப்புறப்ப இருக்கு. மத்த நேரம் இல்ல."

"கத்தி எங்க?"

"அடுப்படியிலதான். வெறகு பொளக்கிறது அதாலதானக்கா."

*

"அவன் ஒங்கிட்ட உண்மையச் சொல்லியிருக்கான் பாரு," என்றான் காளிதாஸ். இருவரும் அரச மரத்தடியில் நின்றார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. "கெட்டவனா இருந்தா சொல்லுவானா?"

"அவள வெட்ட வந்தேன்னு சொல்றாங்க. இன்னும் அந்த நெனப்பு இருக்குங்கிறான்."

"அது சரிதான். ஆனா யோசிச்சுப் பாரு மீனா. நாம உசுரோட இருக்கிறது அதாலதான? அவன் நல்லபடியா பஜாருல மூட்ட தூக்கிக்கிட்டு இருந்திருந்தா யாரு மலையப் பாத்திருப்பா? கெட்டதையும் சாமி ஒரு கணக்கோடதான் வச்சிருக்கான். அது இல்லாட்டி இது இல்ல."

"வெடிப்பப் பாத்தது அவன் கண்ணு. கத்துனது அவன் வாயி. கத்தி என்னாங்க செஞ்சிச்சு?"

"அந்தக் கத்திதானடி அவன அங்க கூட்டிட்டு வந்துச்சு!"

மண்டபத்துக்குள் சுஜீதா எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தக் குழந்தை உயிரோடு இருக்கிறது, சிரிக்கிறது. அவன் வந்ததால்தான். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அது மாறவில்லை.

பிறகு அவளுக்குச் சந்தனத்தின் நினைவு வந்தது.

"சந்தனம் ஏங்க கதவத் தெறக்கல?"

காளிதாஸ் அவளைப் பார்த்தான்.

"அவன் கொரலக் கேட்டு தெறக்கல. நல்லவன் ஒருத்தன் வந்து கூப்புட்டிருந்தா தெறந்திருப்பா. நம்ம கிராம சேவகர் வந்திருந்தா, ஸமீம் நானா வந்திருந்தா, நீங்க போயிருந்தாக்கூட தெறந்திருப்பா. முந்தி ஒரு நா பொய் சொல்லி நம்ம கதவத் தெறக்க வச்சானே, அந்தப் பொய்யிதான் அவளக் கொன்னுச்சு. நம்மளக் காப்பாத்துனதக் கணக்குல வச்சிட்டு சந்தனத்த மட்டும் யாரு கணக்குல வைக்கிறது?"

மழை வலுத்தது.

"எனக்குச் சாமி கணக்குத் தெரியாதுங்க," என்றாள். "கெட்டது வேணுமா வேணாமான்னும் தெரியாது. அவனுக்குச் சாகுற வரைக்கும் கையெடுத்துக் கும்புடுறேன். ஆனா என் தங்கச்சியக் குடுக்க மாட்டேன்."

காளிதாஸ் தலையிலிருந்த துண்டை எடுத்துப் பிழிந்தான். "தலைவர்கிட்ட நான் என்னா சொல்லுவேன்?"

"ஒண்ணும் சொல்லாதீங்க."

அடுத்த நாள் காலை பாண் இறக்கிவிட்டுத் திரும்பிய லொறியில், வெற்றுப் பெட்டிகளுக்கு நடுவே, புஷ்பம் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். லோகு அந்த நேரம் மாரிமுத்துவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். மீனாம்பாள் காரணம் சொல்ல வாயெடுத்தபோது ஸமீம் நானா கையை அசைத்தார்.

"ஒண்டும் செல்லத் தேவல்ல தங்கச்சி. எங்கட ஊட்டுலயும் இப்பிடி அடி வாங்கின ஒருத்தி ஈந்த. நான் அவிசாவளையில ரத்னபுர பஸ்ஸில ஏத்தி உடுறன்."

புஷ்பம் போகிற இடம் ரத்னபுரத்தைத் தாண்டிய கொடகவெல. அங்கே அவளுடைய பழைய சிநேகிதி ஒருத்தி தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்தாள். கல்யாணத்துக்கு முன்னால் கொழும்பில் ஒரே கார்மெண்ட்ஸில் இருந்தவர்கள். லோகுவுக்கு அவளைத் தெரியாது. லொறி கிளம்பும்போது புஷ்பம் அக்காவின் கையைப் பிடித்தாள்.

"அவருக்கு நான் நன்றி சொல்லலக்கா. புள்ளையக் காப்பாத்துனாரு."

"நான் சொல்லிக்கிறேன். நீ தலையக் குனிஞ்சுக்க."

*

மத்தியானம் சோற்று வரிசையில் லோகு மீனாம்பாளின் தட்டில் சோறு போட்டான். அதன் மேல் நெத்தலிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினான். அகப்பையை நிறுத்தி அவளைப் பார்த்தான்.

"புஷ்பம் எங்கக்கா?"

மீனாம்பாள் பொய் சொல்லிப் பழகாதவள்.

"கித்துல்கலைக்குப் போயிட்டா. ஆத்தோரத்துல வெள்ளக்காரங்க வர்ற ஹோட்டல் ஒண்ணுல வேல இருக்காம்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் தட்டைத் தட்டினார்கள். லோகு அசையவில்லை.

"காலையில ஸமீம் நானாட லொறி அவிசாவளப் பக்கமாத்தானக்கா போச்சு," என்றான்.

அவள் கையில் தட்டு சரிந்தது. குழம்பு விளிம்பில் ஓடிச் சேலையில் சொட்டியது. சுற்றிலும் இருநூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்காக உயிரையே கொடுக்கக்கூடியவர்கள். கத்தினால் யார் பக்கம் நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"கித்துல்கலதான்," என்றாள். பிறகு சொன்னாள்: "அவ ஒனக்கு நன்றி சொல்லச் சொன்னா. புள்ளையக் காப்பாத்துனதுக்கு. நானும் சொல்றேன் லோகு. அது பொய் இல்ல."

அவன் முகம் ஒருமுறை கோணிக்கொண்டது. அகப்பையைப் பக்கத்தில் நின்ற பாக்கியத்தின் கையில் கொடுத்தான். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு பன்சலைப் படிகளில் இறங்கினான்.

மீனாம்பாள் தட்டை வைத்துவிட்டு மதில் ஓரம் ஓடினாள். கீழே ரோட்டில் அவன் நடுவில் நின்றுகொண்டிருந்தான். இந்தப் பக்கம் நின்றால் அவிசாவளை பஸ், அந்தப் பக்கம் நின்றால் கித்துல்கல பஸ். முதலில் அவிசாவளை பஸ்தான் வந்தது. அவனுக்கு நேரே வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "அவிசாவேலே, அவிசாவேலே" என்று கூவினான். லோகு கம்பியில் கை வைத்தான். மீனாம்பாள் மதிலைப் பிடித்துக்கொண்டாள்.

கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டான். பஸ் போய்விட்டது. அவன் ரோட்டைக் கடந்து மறுபக்கம் போய் நின்றான். மழையில் நெடுநேரம் நின்றான். கித்துல்கல பஸ் வந்ததும் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்தான். பன்சலையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் வளைவில் மறைந்த பிறகுதான் அவள் தனுஜாவின் போனை வாங்கித் தங்கைக்கு அழைத்தாள். அந்தப் பக்கம் பஸ் இரைச்சலும் குழந்தையின் சிணுங்கலும் கேட்டன.

"புஷ்பம். அவன் கித்துல்கல பஸ்ஸுல ஏறிட்டான். இன்னைக்கு இல்ல," என்றாள்.

புஷ்பம் குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு அக்கா?"

"நாளைக்கும் நான் பாத்துக்கிட்டே இருப்பேன். பாத்துச் சொல்றேன்."